பண்டைப் பெருநீர்நாய்

நீரிலும் நிலத்திலும் உலவும் ஊனுண்ணி விலங்குகளுள் நீர்நாயும் ஒன்று. நீண்ட உடலும், குறுகிய கால்களும், விரல்களை இணைக்கும் சவ்வும், தடித்த வாலும் அது நீந்துதற்குத் துணைபுரிகின்றன. காவிரியாற்றில் மீன் பிடித்துண்டு வாழும் நீர்நாய் ஏறத்தாழ 7 முதல் 11 கிலோ வரை எடையுள்ளது. தென்னமெரிக்க ஆறுகளில் வாழும் பெருநீர்நாயோ 30 கிலோ வரை வளரும். இவற்றினும் மிகப் பெரியதாய், ஓநாயை ஒத்த உருவமும் ஏறத்தாழ 50 கிலோ எடையும் உடைய நீர்நாய் ஒன்று பண்டைக் காலத்தில் சீன நாட்டில் வாழ்ந்தது.

சீனத்தின் தென்மேற்கே யுன்னான் மாநிலத்தில் சூய்தாங்பா என்னுமிடத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஒன்று உளது. சற்றேறக்குறைய 62 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், அவ்விடம் அடர்ந்த காடு சூழ்ந்த சதுப்பு நிலமாக இருந்தது. அங்கு மடிந்து புதையுண்ட மரஞ்செடிகள் காலப்போக்கில் நிலக்கரியாயின. அவற்றினிடையே விலங்குகளின் எலும்புகளும் தங்கின. அங்ஙனம் கிடைத்த மண்டையோடு, தாடை, பற்கள் முதலியவற்றை ஆராய்ந்த அறிஞர்கள், 2017ஆம் ஆண்டில் அவ்விலங்கிற்குச் 'சயாமோகேல் மெலிலூட்ரா' எனப் பெயரிட்டனர். இவ்வினத்திற்கு நெருங்கிய உறவுடைய நீர்நாயொன்று முன்னரே தாய்லாந்தில் கண்டறியப்பட்டிருந்தது. அந்நாட்டின் பழம்பெயராகிய சயாம் என்பதே பெயரின் முற்பகுதியில் அமைந்துள்ளது.

இவ்வாராய்ச்சி எளிதில் முடிந்ததன்று. மண்ணின் பெரும்பாரத்தால் மண்டையோடு தட்டையாக நசுங்கிக் கிடந்தது. கையால் பிரித்தெடுக்க முயன்றால் அது நொறுங்கிவிடும். ஆதலின், ஊடுகதிர்களைப் பல கோணங்களிற் செலுத்தி, அதன் உள்ளமைப்பைப் படங்களாக எடுத்தனர். பின்னர் ஒவ்வோர் எலும்புத் துண்டையும் கணிப்பொறியில் அதற்குரிய இடத்திற் பொருத்தி, மண்டையோட்டின் பழைய வடிவத்தை மீட்டனர்.

இத்துணைப் பெரிய நீர்நாய் எதனை உண்டு வாழ்ந்தது? இவ்வினாவிற்கு அதன் தாடை விடையளித்தது. இன்றுள்ள பலவகை நீர்நாய்களின் தாடைகளோடு அதனை ஒப்பிட்டபொழுது, உடற்பருமனுக்கேற்ப எதிர்பார்த்ததைப்போல் ஆறு மடங்கு உறுதி அதில் காணப்பட்டது. ஆகவே, கடினமான ஓடுடைய சிப்பி முதலியவற்றை அது கடித்து நொறுக்கியிருத்தல் கூடும் என்று அறிஞர்கள் கருதுகின்றனர். இக்காலத்துக் கடல்நீர்நாய் சிப்பியைக் கல்லில் மோதி உடைத்து உண்ணும். பண்டைப் பெருநீர்நாய்க்கோ அதன் தாடையே கருவியாய் அமைந்தது போலும்!

அவ்விலங்கு வாழ்ந்த நாளில் மனித இனம் தோன்றவில்லை. ஆதலின் அதன் அழிவிற்கு மனிதன் பொறுப்பாளி அல்லன். இன்றுள்ள நீர்நாய்களின் நிலைமை அத்தகையதன்று. மென்மயிர்த் தோலின்பொருட்டு வேட்டையாடுவதாலும், ஆறுகளிற் கழிவுநீர் கலப்பதாலும், கரைப்புதர்களை அழிப்பதாலும் அவற்றுட் பெரும்பாலான இனங்கள் குறைந்து வருகின்றன. மறைந்த விலங்கின் மண்டையோட்டை அறிவியல் பொருத்திக் காட்டிற்று; எனினும், அவ்விலங்கிற்கு மீண்டும் உயிரூட்ட அதனால் இயலவில்லை. ஆதலின், இருக்கும் நீர்நாய்களையும் அவற்றிற்கு வாழ்விடமாகிய ஆறுகளையும் காத்தல் மக்களின் கடமையாகும்.