நாருக்காகக் கஞ்சாப் பயிர்

கஞ்சாச் செடி என்றதும் லாகிரி வஸ்துவே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆயினும் அதன் பட்டை உறுதியான நாரைத் தருவது. உத்தரகண்டின் குமாவுன் மலைவாசிகள் அந்நாரிற் கயிறு திரித்தும், விதையைத் துவையலாக அரைத்தும் நெடுங்காலமாக உபயோகித்து வருகின்றனர். (நாம் பசுந்தாளாக மடக்கி உழும் சணப்பை வேறு ஜாதி.)

1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, நாருக்காகவோ விதைக்காகவோ இதனைப் பயிரிட சர்க்கார் அனுமதியளிக்கலாம். 2018-ல் உத்தரகண்ட் முதன்முதலாக அவ்வாறு அனுமதித்தது. லாகிரிச் சத்து நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேற்படலாகாதென்பது நிபந்தனை. ஹிமாசலப் பிரதேசச் சட்டசபையும் 2024-ல் இச்சாகுபடிக்கு இணங்கித் தீர்மானம் செய்தது.

தரிசாய்க் கிடக்கும் மலைநிலம் பயன்படுமென்பர் ஒரு சாரார். நார்ப்பயிரின் மறைவில் கள்ளப்பயிர் வளருமென்பர் மறுசாரார். இரண்டும் புறக்கணிக்கத் தக்கனவல்ல. ஆனால் குடியானவனுக்கு முதற்கவலை விதையே. மலையில் தானாய் முளைக்கும் நாட்டுச் செடிகளில் லாகிரிச் சத்து பெரும்பாலும் அவ்வரம்பை மிஞ்சும். மிஞ்சிய பயிரை அழிக்க நேரிடின் உழைப்பும் கூலியும் அவனுக்கே நஷ்டம். தகுந்த விதையைப் பெருக்கிக் கொடாமல் லைசென்ஸை மட்டும் வழங்குவது முறையன்று.

அவ்விதை கிடைத்தாலும் எச்சரிக்கை வேண்டும். இச்செடியில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு. மகரந்தம் காற்றில் வெகுதூரம் செல்லும். அருகே காட்டுச்செடி பூத்திருப்பின், அவ்வயலில் எடுத்த விதையை மறு வருஷம் நம்பி விதைத்தற்கில்லை.