கலைடாஸ்கோப்புக்குள் பூ விரிவது எப்படி?

புத்தளம் மாவட்டத்தில் சிலாபத்துக் கடல் ஒருகாலத்தில் முத்துக்குளிப்புக்குப் பேர்போனதாக இருந்தது. முத்துச்சிப்பியின் உட்புறம் சாயம் ஏதுமின்றி வானவில்லாய் மினுங்கும். ஏன்? ஸ்கொட்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர் அதை மெழுகில் அழுத்திப் பார்த்து, 1814இல் முடிவை வெளியிட்டார். நிறங்கள் மெழுகிலும் தெரிந்தன! மேற்பரப்பின் நுண்வரிகளே ஒளியைப் பிரித்திருந்தன.

கலைடாஸ்கோப்பை உருவாக்கி 1817இல் காப்புரிமை பெற்றவரும் இவரே. குழாய்க்குள் இரண்டு நீள ஆடிகள் சாய்ந்து நிற்கும். ஒன்றின் விம்பத்தை மற்றது மீண்டும் தெறிக்கவைக்கும். இடைக்கோணம் 60 பாகையானால், குழாயின் முனையில் உள்ள ஒரு கண்ணாடித்துண்டு ஆறாகத் தெரியும்; 45 என்றால் எட்டு. 360ஐ அக்கோணத்தால் வகுத்தால் இரட்டை எண் வரவேண்டும். இல்லையேல் விம்பங்கள் சேர்ந்து விரியும் பூவின் இதழ்கள் பொருந்தா. பழைய குழாய்களைச் சேகரிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வெளியே உள்ள பித்தளை வேலைப்பாட்டில் மயங்காமல், முதலில் உள்ளே இதழ்கள் சேரும் கோட்டைப் பாருங்கள்.

1870களில் அமெரிக்காவின் சார்ள்ஸ் புஷ் செய்த குழாய்கள் தனி அழகு. திரவம் அடைத்த கண்ணாடிச் சிமிழ்களை அவர் உள்ளே இட்டார். குழாயைச் சுற்றி நிறுத்திய பிறகும் அவற்றுள் காற்றுக்குமிழி மெல்ல ஏறும். பூவும் மாறிக்கொண்டே இருக்கும்.