தன்னார்வலர்களின் உழைப்புக்கு என்ன மதிப்பு?

மருந்தக வரிசையில் உங்களுக்காக நிற்பவர், ஸ்கேன் அறைக்கு வழிகாட்டுபவர், இரவெல்லாம் விழித்திருந்த நீங்கள் சற்றே கண்ணயரும்வரை நோயாளியின் அருகில் அமர்ந்திருப்பவர் ஆகியோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். அவர்களது உழைப்பின் மதிப்பை நாங்கள் ஆண்டுதோறும் கணக்கிடுகிறோம். அது ஏன், எவ்வாறு என்பதை இங்கே விளக்குகிறோம்.

தன்னார்வப் பணியை அளவிடுவதற்கான கையேடு ஒன்றைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதே வேலைக்கு ஒருவரை ஊதியத்திற்கு அமர்த்தினால் எவ்வளவு செலவாகும் என்று பார்ப்பதே அதில் கூறப்படும் முறை. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளினால், உதவியாளருக்குரிய ஊதியமே கணக்கில் சேரும்; மேலாளருக்குரியது சேராது.

எடுத்துக்காட்டாக, 10 பேர் வாரத்திற்கு 4 மணி நேரம் வீதம் 50 வாரங்கள் பணிபுரிவதாகக் கொள்வோம். மொத்தம் 2,000 மணி நேரம். மணிக்கு 100 ரூபாய் எனில் மதிப்பு 2,00,000 ரூபாய். அவர்களது பயிற்சி, போக்குவரத்து, மேற்பார்வை ஆகியவற்றுக்கு 40,000 ரூபாய் செலவானால், செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 5 ரூபாய் மதிப்புள்ள உழைப்பு கிடைக்கிறது. இக்கணக்கு இல்லையெனில், பயிற்சிக்கான தொகை வீண்செலவாகத் தோன்றி முதலில் குறைக்கப்படும்.

ஆயினும் இக்கணக்கு கொடுத்த நேரத்தை மட்டுமே அளக்கிறது. பெற்ற ஆறுதலை அளப்பதில்லை. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சைப் பணி, பின்னர் கேரளத்தின் பல ஊர்களுக்கும் பரவியது. அங்கே அக்கம்பக்கத்தாரே தன்னார்வலர்களாகி, படுக்கையில் இருப்போரை வீடு தேடிச் சென்று காண்கின்றனர். வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனரா என்பதையும் கேட்டறிகின்றனர். அக்கேள்விகளுக்கு எந்த ஊதியப் பட்டியலிலும் விலை இல்லை.

மற்றொன்றையும் தெளிவுபடுத்த விரும்புகிறோம். செவிலியர் பணியிடங்களைக் குறைப்பதற்கு இக்கணக்கு காரணமாகிவிடக் கூடாது. ஊசி போடுவதும் மருந்தளவை மாற்றுவதும் தன்னார்வலர் பணி அன்று; அவற்றை அவர்களிடம் கேட்க வேண்டாம்.

அவர்களுக்குப் பணம் தரவும் வேண்டாம். எந்த உதவி உங்கள் சுமையைக் குறைத்தது, எது கிடைக்காமல் தவித்தீர்கள் என்பதை வீடு திரும்பும் முன் எங்களிடம் இரண்டு வரிகளில் எழுதித் தாருங்கள். எங்கள் கணக்கில் விடுபடும் பகுதியை நீங்களே நிரப்ப இயலும்.