மலையகப் பாதையும் மலைச் சைக்கிளும்: முதல் போடப்போவது யார்?

ஹட்டன் பஜாரில் கடை நடத்துபவருக்கு வருடத்தின் பன்னிரண்டு மாதங்களும் வியாபார மாதங்கள் அல்ல. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம், மாதாமாதம் தோட்டத்துச் சம்பள நாள், அதன்பின் தீபாவளி என்றுதான் அவரது கணக்கு ஓடுகிறது. நுவரெலியா வர்த்தகருக்கு ஏப்ரல் வசந்த காலம். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் முடிந்து கொழும்புக்காரர்கள் மலையிறங்கிவிட்டால் பல கடைகளில் ஈ ஓட்டும் நிலைமைதான்.

இவ்விரு ஊர்களின் வியாபாரத்துக்கும் அடித்தளமாக இருந்தது தேயிலை. அது ஆட்டங்காணத் தொடங்கி வெகுகாலமாகிறது. 2013இல் 34 கோடி கிலோ தேயிலை உற்பத்தி செய்த நாடு, 2021ஆம் ஆண்டின் இரசாயன உரத் தடைக்குப் பின்னர் 2022இல் சுமார் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. பெருந்தோட்டங்கள் 1992இல் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கைமாறியபோது பதிவில் இருந்த தொழிலாளர்களில் பாதிப்பேர்கூட இன்று பதிவில் இல்லை. லயத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கிறார்கள். எமது கடைகளின் கடன் கொப்பியில் பெயர்கள் குறைந்து வருவதற்குக் காரணம் தேட வேறெங்கும் போகத் தேவையில்லை.

இந்தப் பின்னணியில்தான் தோட்டத்துப் பாதைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடும் முயற்சியை நாம் கவனிக்க வேண்டியிருக்கிறது. 2018இல் இலங்கைக்கு 23 இலட்சம் உல்லாசப் பயணிகள் வந்தனர். 2019 ஏப்ரல் தாக்குதல்கள், கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று அடுத்தடுத்து விழுந்த அடிகளைத் தாங்கி, 2024இல் அத்தொகை மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. இவர்களில் பலர் மலைநாட்டுக்கும் வருகிறார்கள். ஆனால் ரயிலில் ஏறி, ஜன்னலால் படம் எடுத்து, எல்லவில் இறங்கிவிடுகிறார்கள். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை எல்லாம் அவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே கடந்து போகும் ஊர்கள்.

அவர்களைக் கீழே இறக்குவதற்கென்று வந்ததுதான் ‘பெக்கோ ட்ரெய்ல்’. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்குகிறது இந்தப் பாதை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் வர்த்தக ரீதியாகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர வழியாக வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று வந்து, ஹப்புத்தளை, எல்ல பக்கமாகச் சுற்றி, நுவரெலியா பீட்று தோட்டத்தில் முடிகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கும் மேல். இலங்கையில் நீண்டகாலம் வாழ்ந்த ஸ்பெயின் நாட்டவரான மிகேல் குனாட்டின் எண்ணத்தில் உதித்த இத்திட்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யுஎஸ்எயிட் நிறுவனமும் நிதியுதவி வழங்கின.

இதில் புதிதாக வெட்டிய பாதை சொற்பம். வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டு வண்டியிலும் குதிரையிலும் போய்வந்த தோட்டத்துப் பாதைகளை ஒன்றோடொன்று இணைத்து, வழிகாட்டிப் பலகை நாட்டி, வரைபடம் தயாரித்ததே பெரும்பகுதி. நடப்பவர்களை மனதிற்கொண்டு அமைத்ததுதான் என்றாலும், அடிப்படை வண்டிப் பாதை என்பதால் பல கட்டங்களில் மவுண்டன் பைக் எனப்படும் மலைச் சைக்கிளும் தாராளமாக ஓடும். நடப்பவர் ஒரு நாளில் ஒரு கட்டம் போனால், சைக்கிள்காரர் இரண்டு கட்டம் போவார். இரண்டு ஊர்களில் சாப்பிடுவார் என்பதுதான் எமக்கு முக்கியம்!

மலைச் சைக்கிளால் ஊர் பிழைக்குமா என்று சிரிப்பவர்கள் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவிலுள்ள டேர்பி என்ற ஊரைப் பார்க்கலாம். அது தகரச் சுரங்க ஊர். 1929இல் அணை உடைந்து 14 பேர் இறந்தார்கள். பிறகு சுரங்கமும் மூடப்பட்டது. கடைகள் பூட்டப்பட்டு, சனத்தொகை இருநூறுக்கும் கீழே போய், வீடுகளை அடிமாட்டு விலைக்குக்கூட வாங்க ஆளில்லாமல் கிடந்தது. 2015இல் அரசாங்கப் பணமும் உள்ளூராட்சி சபைகளின் பங்களிப்புமாகச் சுமார் 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலரில் காட்டுக்குள் சைக்கிள் பாதைகள் திறக்கப்பட்டன. 2017இல் உலகத் தரமான போட்டியொன்று அங்கே நடைபெற்றது. இன்று அங்கே சாப்பாட்டுக் கடையும் சைக்கிள் கடையும் விடுதியும் உண்டு. வீட்டு விலை பன்மடங்கு ஏறி, உள்ளூர்க்காரருக்கு வாடகை வீடு கிடைப்பதே கஷ்டம் என்ற புதுத் தலைவலியும் கூடவே வந்தது.

நியூசிலாந்தின் கதை எமக்கு இன்னும் பொருத்தமானது. 2009இல் உலகப் பொருளாதார மந்தத்தின்போது, வேலைவாய்ப்பை உண்டாக்குவதற்கென அன்றைய பிரதமர் ஜோன் கீயின் அரசு நாடு முழுவதும் சைக்கிள் பாதைகள் அமைக்க 5 கோடி நியூசிலாந்து டொலரை ஒதுக்கியது. பாதைகள் வந்தன, பயணிகளும் வந்தார்கள். சில வருடங்களில் மழையும் வெள்ளமும் பாதைகளை அரிக்கத் தொடங்கியபோதுதான் பராமரிப்புக்குத் தனி நிதியொன்று வேண்டும் என்பது உறைத்தது. அரசு அதையும் ஏற்படுத்தியது; ஆனால் உள்ளூரார் தமது பங்கைப் போட்டால்தான் அரசின் பங்கு கிடைக்கும் என்ற நிபந்தனையோடு.

எமது மலையகத்திலும் இப்போது அந்தக் கட்டம்தான். பாதை அமைக்க வெளிநாட்டுக் காசு வந்தது. யுஎஸ்எயிட் நிறுவனம் 2025இல் மூடப்பட்டுவிட்டது. அதே வருடம் நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் கொட்டிய மழையில் மலைநாடெங்கும் மண்சரிவுகள் ஏற்பட்டு, பல உயிர்கள் பலியாகி, வீதிகளும் ரயில் பாதையும் சிதைந்தன. கொடையாளர்கள் திறப்பு விழாவுக்குப் பணம் தருவார்கள். கான் துப்புரவாக்கப் பணம் தரும் கொடையாளரை யாராவது கண்டதுண்டா?

மலைப் பாதை கெடுவது சில்லுகளால் அல்ல, தண்ணீரால். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்குச் சுமார் 5,000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. பாதை நேரே கீழ்நோக்கி இறங்கினால் ஒரே பருவத்தில் அது ஓடையாகிவிடும். ஆகவே மலையின் சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் பாதையின் சரிவு போகக்கூடாது. சராசரியாகப் பத்து சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது. பாதையின் வெளி ஓரம் சற்றுத் தாழ்ந்திருந்தால் தண்ணீர் குறுக்கே கடந்து போய்விடும். இடையிடையே சிறிய ஏற்றம் வைத்தால் ஓடிவரும் நீர் அங்கே தடைப்பட்டு வெளியேறும். உலகெங்கும் சைக்கிள் பாதை அமைப்போர் பின்பற்றும் விதிகள் இவை. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, இந்த வித்தையை வெளிநாட்டு நிபுணரிடம் காசு கொடுத்துக் கற்க வேண்டுமா என்பதுதான். செங்குத்தான மலையில் சம உயரக் கோட்டில் கான் வெட்டி, மண் அரிக்காமல் 150 வருடங்களாகத் தேயிலையைக் காத்தவர்கள் எமது தோட்டத் தொழிலாளர்கள். கான் வெட்டும் கை இன்னும் லயங்களில் இருக்கிறது. அதற்குக் கூலி கொடுக்கத்தான் ஆளில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கட்டத்தின் இரு முனைகளிலும் உள்ள கடைகள், சாப்பாட்டுக் கடைகள், விடுதிகள், முச்சக்கரவண்டிக்காரர் என முப்பது பேர் மாதம் ஆயிரம் ரூபாய் போட்டால் வருடத்துக்கு 3,60,000 ரூபாய். நாட்கூலி 3,000 ரூபாய் என்று வைத்தாலும் 120 ஆள் நாட்கள். பதினைந்து கிலோமீற்றர் பாதையில் வருடத்துக்கு இருமுறை கான் துப்புரவாக்கி, புல் வெட்டி, உடைந்த பலகையை மாற்ற அது பெரும்பாலும் போதும். மண்சரிவு வந்தால் போதாதுதான். அதற்கு அரசைத்தான் கேட்க வேண்டும்.

‘நான் கொடுத்து, கொடுக்காத அடுத்த கடைக்காரனும் சம்பாதிப்பதா?’ என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. பணம் போட்டவரின் கடைப் பெயர் மட்டும் வரைபடத்திலும் பலகையிலும் வரும் என்று வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வெளியூரிலிருந்து வரும் சைக்கிள்காரர் வரைபடத்தில் இல்லாத கடையைத் தேடமாட்டார்.

பெரிய முதலாளிகள் இத்துறைக்கு முன்பே வந்துவிட்டார்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிய துரைமார் பங்களாக்களை டில்மா குடும்பத்தினர் 2005இல் ‘சிலோன் டீ ட்ரெய்ல்ஸ்’ என்ற பெயரில் உயர்தர விடுதிகளாக்கினர். அங்கே தங்குபவருக்கு நடையும் சைக்கிளும் உண்டு. ஆனால் அவரது மூன்று வேளைச் சாப்பாடும் பங்களாவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பஜாருக்கு வேண்டியவர் வேறு ஆள். முதுகில் பையோடு வியர்த்து வந்து, ரொட்டியும் தேநீரும் கேட்டு, டியூப் ஒட்ட ஆள் தேடி, இரவுக்குச் சுடுநீரோடு ஓர் அறை கேட்பவர். மாலைதீவு, மலேசியா, வளைகுடா நாடுகளிலிருந்து குடும்பத்தோடு வருபவருக்கு ஹலால் உணவும் தொழ இடமும் ஒரே தெருவில் கிடைப்பது, ஹட்டனும் நுவரெலியாவும் இன்னும் விளம்பரப்படுத்தாத வசதி.

சைக்கிள் வாடகைத் தொழிலில் இறங்க நினைப்பவர் தனியாக இறங்காதிருப்பது நலம். நல்ல மலைச் சைக்கிள் விலை கூடியது. அதன் எண்ணெய் பிரேக்கைப் பழுது பார்க்கச் சாதாரண சைக்கிள் கடைக்காரருக்குப் பயிற்சி வேண்டும். உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டும். வங்கிக் கடனில் வாங்கி, மழை மாதங்களிலும் தவணை கட்டுவது கழுத்தை இறுக்கும். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைப்பைப் போட்டு, இலாபத்தைப் பேசியபடி பங்கிடும் முழாரபா முறை இதற்குப் பொருந்தும். பழுதுபார்க்கும் பயிற்சியைத் தோட்டத்து இளைஞருக்குக் கொடுத்து அவரையே உழைப்புப் பங்காளியாக்கினால் இன்னும் நல்லது. பாதை ஓடுவது அவர்களுடைய லயத்து வாசலால். கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்து வரும் பெண்ணுக்கு வளைவில் வேகமாக இறங்கும் சைக்கிள் ஆபத்து மட்டும்தான் என்றால், இந்தத் திட்டத்தை அவர்கள் ஏன் விரும்ப வேண்டும்? கொழுந்து நிறுக்கும் நேரத்தில் அந்தப் பகுதியில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற விதியாவது முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

நிலம் அரசுக்குச் சொந்தம். கம்பனிகளிடம் இருப்பது 1992இல் தொடங்கிய 53 வருடக் குத்தகை. ஆகவே துரையின் வாய்மொழி அனுமதியை நம்பிக் காசு போடக்கூடாது. துரை மாறினால் அனுமதியும் மாறும். எந்தப் பாதை, எந்த நேரம், யார் பராமரிப்பது, யாராவது விழுந்து கை கால் முறிந்தால் பொறுப்பு யாருடையது என்பதெல்லாம் கம்பனியுடன் எழுத்தில் இருக்க வேண்டும்.

பருவமும் கவனத்துக்குரியது. ஹட்டன் பக்கம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை காய்வு. ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. இரு பக்க வர்த்தகரும் ஒரே சைக்கிள்களைப் பகிர்ந்துகொண்டால் சைக்கிள் ஒன்பது மாதம் உழைக்கும். 2018இல் பழைய அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகளைப் பிரித்தபோது நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றுக்குத் தனிச் சபைகள் கிடைத்தன. இச்சபைகளின் வரவு செலவுத்திட்டம் வருட இறுதியில் தயாராகும். பாதைப் பராமரிப்புக்கு ஒரு தொகை ஒதுக்குமாறு கேட்க நினைக்கும் வர்த்தகர் சங்கங்கள், தமது பங்கு எவ்வளவு என்ற கணக்கோடு ஒக்டோபருக்கு முன் மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.