உல்லாசக் கப்பலில் ஏறுவதற்கு முன்

பெற்றோர் சந்திப்பு நாளன்று ஒரு தாயார் தம் கைத்தொலைபேசியை என் முன் நீட்டினார். "டீச்சர், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. வருசக் கடைசி லீவுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு அவரு சொல்றாரு" என்றார். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம். நீலக் கடல், வெள்ளைக் கப்பல், கொட்டை எழுத்தில் ஒரு விலை. விலைக்குக் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல நான்கு வரிகள். நான் அந்த நான்கு வரிகளைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கப்பல் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வேறு நினைப்பு. என் பாட்டி 1951-இல் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா'வில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் எட்டாயிரத்துச் சொச்சம் டன்தான். ஆனால் தளத்துப் பயணிகளை மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. பாய் விரித்த இடம்தான் அறை. 1973-இல் அது ஓய்வு பெற்றது. பிறகு ஓடிய 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அத்தோடு அந்தப் போக்குவரத்தே நின்றுபோயிற்று. இன்றைய உல்லாசக் கப்பலோ மிதக்கும் பட்டணம். 2022 ஜூனில் சிங்கப்பூரிலிருந்து மீண்டும் ஓடத் தொடங்கிய 'கெந்திங் டிரீம்' ஒன்றரை லட்சம் டன். ரஜூலாவைப் போல் ஏறக்குறைய பதினேழு மடங்கு. இருவருக்கு ஓர் அறை என்று கணக்கிட்டால் ஏறுவது சுமார் 3,350 பேர்தான். பாட்டி கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

சரி, விலைக்கு வருவோம். 'ஒருவருக்கு' என்று போட்டிருக்கிறார்களே, ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு இவ்வளவு என்பதே அதன் பொருள். தனியாகப் போகிறவர் அநேகமாக இரண்டு பேர் கட்டணத்தைக் கொடுக்க நேரும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் பிள்ளைகள் தங்கினால் பல சமயம் அவர்களுக்குக் குறையும். ஆகவே, "எங்கள் குடும்பத்தில் இத்தனை பேர், இன்னின்ன வயது, மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். ஒருவருக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

பழக்கதோஷம், கரும்பலகைக் கணக்காகவே சொல்கிறேன். கணவன், மனைவி, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகள், மூன்று இரவு. விளம்பர விலை ஆளுக்கு 800 வெள்ளி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நால்வருக்கு 3,200. துறைமுகக் கட்டணமும் வரியும் ஆளுக்கு 200 என்றால் 800. ஊழியர்களுக்கான அன்பளிப்பு ஓர் இரவுக்கு ஆளுக்கு 60 என்றால் 720. நம் விருப்பத்தைக் கேட்காமல் பெரும்பாலும் கணக்கிலேயே ஏற்றிவிடும் 'அன்பளிப்பு' இது! கடப்பிதழ் பெரியவருக்கு 200, பிள்ளைக்கு 100, ஆக 600. சிங்கப்பூருக்குப் பேருந்தில் போக வர ஆளுக்கு 160 என்றால் 640. கூட்டிப் பாருங்கள்: 5,960 வெள்ளி. 3,200 என்று நினைத்துக் கூட்டுப் பணம் எடுத்தவர் மீதிக்கு யாரிடம் போவார்? கடப்பிதழ் கட்டணத்தைத் தவிர மற்றவை நான் உதாரணத்துக்குப் போட்ட எண்கள். உங்கள் விளம்பரத்தில் உள்ளதை எழுதிக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எங்கே ஏறுவது? நம் திகாம் பத்து வட்டாரத்தாருக்குப் பினாங்குதான் வசதி. சுங்கை பட்டாணியில் கொமுட்டர் ரயில் ஏறினால் பட்டர்வொர்த், அங்கிருந்து பெரியில் தீவு. இறங்கி ஸ்வெட்டன்ஹம் துறைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் 'பினாங்கு' என்ற பெயரைப் பார்த்தவுடன் மகிழ்ந்துவிட வேண்டாம். பல கப்பல்கள் பினாங்கை ஒரு பகல் தொட்டுவிட்டுப் போகின்றன, அவ்வளவே. சிங்கப்பூரில் ஏறியவர்கள் இறங்கி, கெக் லோக் சி கோயிலைப் பார்த்துவிட்டு, சாயந்தரம் திரும்ப ஏறுவார்கள். கெடாக்காரர் சிங்கப்பூர்வரை போய்க் கப்பலேறிப் பினாங்கைப் பார்க்க வருவது எந்த ஊர் நியாயம்? "இங்கே ஏறலாமா, தொட்டுப்போவது மட்டுமா?" என்று கேட்டே ஆகவேண்டும். சிங்கப்பூரில்தான் ஏறவேண்டும் என்றால் முதல் நாளே போய்ச் சேருங்கள். ஜொகூர் பாலத்து நெரிசலுக்காகக் கப்பல் காத்திருக்காது.

இனிப் பணம் கட்டும் விஷயம். இதில் நானே அடிபட்டவள்.

2013-இல் பாட்டியை மறுபடியும் ஒரு கப்பலில் ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டோம். பாய் விரித்துப் படுத்தவர் ஒருமுறை மெத்தையில் படுத்து வரட்டும் என்பது அப்பாவின் எண்ணம். பட்டணத்தில் ஒரு முகவரிடம் எங்கள் வீட்டாரும் இன்னும் இரண்டு குடும்பத்தாரும் சேர்ந்து இரண்டாயிரம் வெள்ளி முன்பணம் கட்டினோம். அவர் தந்த ரசீது நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். அடுத்த மாதம் போனால் கடைக்குப் பூட்டு. தெரிந்த முகம்தானே என்று உரிம எண்ணைக்கூடக் கேட்கவில்லை, படித்தவள் நான்! வெட்கப்பட்டு வெளியே சொல்லாமலும் இருந்துவிட்டோம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் என்று ஒன்று இருப்பது தெரியவந்தபோது, வழக்குப் போடுவதற்கான மூன்றாண்டுக் கெடு தாண்டியிருந்தது. பாட்டியும் அதற்குள் போய்விட்டார்.

ஆகையால் நீங்கள் கேளுங்கள். நம் நாட்டில் பயண முகவர் தொழிலுக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். உரிம எண்ணை வாங்கி அமைச்சிடம் சரிபாருங்கள். பணத்தை நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்கில் மட்டும் போடுங்கள். தனி ஆளின் கணக்கு எண்ணைத் தந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எத்தனை நாளுக்கு முன் ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏமாந்துவிட்டால் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளிவரை கோரலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை.

பெரிய நிறுவனம், அதனால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. பினாங்கிலிருந்து பல காலம் கப்பல் விட்ட ஸ்டார் குரூசஸின் தாய் நிறுவனமான கெந்திங் ஹாங்காங், 2022 ஜனவரியில் கடன் தாங்காமல் தன்னைக் கலைக்கும்படி நீதிமன்றத்தை நாடியது. ஓராண்டுக்கு முன்பே முழுப்பணமும் கட்டினால் பெரிய சலுகை என்பார்கள். அந்தச் சலுகை நமக்கு வேண்டாம்.

முன்பணம் கட்டுமுன் பெரியவர்களின் பத்திரங்களையும் எடுத்துப் பாருங்கள். சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் தாத்தா பாட்டிகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். இந்த மண்ணில் ஆயுள் முழுக்கப் பால் வெட்டியிருந்தாலும் அந்தக் கார்டுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. நால்வருக்குப் பணம் கட்டிவிட்டு, துறைமுகத்தில் ஒருவரை விட்டுவிட்டு ஏறும் கொடுமை வேண்டாம். மற்றவர்களின் கடப்பிதழில் இன்னும் ஆறு மாதம் பாக்கி இருக்கவேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரிகளை இருபத்து நான்கு வாரத்துக்குமேல் கப்பல்கள் பொதுவாக ஏற்றுவதில்லை.

கப்பலுக்குள் சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. சைவ உணவு உண்டா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கட்டணத்தில் அடங்கிய சாப்பாட்டுக்கூடமும், தனியே காசு வாங்கும் உணவகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், உட்காருமுன் கேளுங்கள். கைத்தொலைபேசியை விமானப் பயண நிலையில் வைத்துவிடுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானாகப் பிடித்துக்கொண்டால், வீட்டுக்கு வந்தபின் பில்லைப் பார்த்து நெஞ்சு அடைக்கும். கப்பல் மருத்துவரும் இலவசமல்ல. நம் அரசாங்க மருத்துவமனைபோல் ஒரு வெள்ளிக்குச் சீட்டு எடுக்க முடியாது. பயணக் காப்புறுதி எடுப்பது நல்லது. இன்னொன்றும் சொல்லவேண்டும். கப்பலில் சூதாட்டக்கூடம் உண்டு. எங்கும் நிற்காமல் ஓர் இரவு கடலைச் சுற்றி வரும் பயணம் மிக மலிவாகக் கிடைத்தால், அந்த மலிவை யார் ஈடுகட்டுகிறார்கள் என்று யோசியுங்கள். வீட்டில் நான்கு நம்பர் எடுக்கும் பழக்கமுள்ளவர் இருந்தால் அந்தப் பயணம் வேண்டவே வேண்டாம்.

அறைகளில் சன்னல் இல்லாத உள்ளறைதான் விலை குறைவு. இரவில் தூங்க மட்டும் போகிறவர்களுக்கு அதுவே போதும். பால்கனி அறைக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. கடல் மயக்கம் வருமோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. மலாக்கா நீரிணைக்குச் சுமத்ரா ஒரு சுவர்போல் நிற்பதால் பெருங்கடல் அலை இங்கு வருவதில்லை. அப்படியும் சந்தேகம் இருந்தால், பெரிய பணத்தைக் கட்டுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலக் கெடாவிலிருந்து லங்காவிக்குப் பெரியில் போய் வாருங்கள். அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் யாருக்குக் குமட்டுகிறது என்று தெரிந்துவிடும். அவருக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.