8 மீட்டர் உடம்பு. 27 ஆண்டில் காலி!

உடம்பு பெருத்தவனிடம் யாரும் வாலாட்ட மாட்டார்கள் என்பார்கள். ரஷியாவின் பெரிங் தீவில் நடந்ததோ நேர்மாறு!

1741-ம் ஆண்டு அங்கே ஒரு கப்பல் தரை தட்டியது. தத்தளித்த மாலுமிகள், கரையோரம் பாசி மேய்ந்த ராட்சதக் கடல் பசுக்களைப் பார்த்தனர். நீளம் சுமார் 8 மீட்டர்! எடை பல டன்! கப்பலில் வந்த விஞ்ஞானி ஸ்டெல்லர் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்.

ஏன் இத்தனை பெரிசு?

குளிர்தான் காரணம். டம்ளர் வெந்நீர் சீக்கிரம் ஆறும். அண்டா வெந்நீர் லேசில் ஆறாது. உடம்பும் அப்படித்தான். எடை கூடும் அளவுக்குத் தோல் பரப்பு கூடாது. சூடு உள்ளேயே நிற்கும். பனிக்கடலில் அது தாக்குப் பிடித்தது இப்படித்தான்.

உடம்பே எமன்

அதே உடம்பு வினையானது. வேகமாக நீந்தாது. முழுசாக முங்கவும் முடியாது. ஒன்றை அடித்தால் டன் கணக்கில் கறி. ரோமத்துக்காக வந்த வேட்டைக்காரர்கள் சும்மா விடுவார்களா? 1768-ல் கதை முடிந்தது.

நம்ம ஊர் சொந்தம்

அதன் நெருங்கிய உறவு, பாக் விரிகுடாவில் மேயும் ஆவுளியா. நீளம் சுமார் 3 மீட்டர். பெரிய பிராணிகளுக்குப் பிள்ளைப்பேறு நிதானம். எலி மூன்றே வாரத்தில் அரை டஜன் குட்டி போடும். ஆவுளியா ஒரு வருஷத்துக்கு மேல் சுமந்து ஒரே குட்டி போடும். அடுத்த குட்டிக்குப் பல வருஷம்.

2022-ல் தமிழக அரசு 448 சதுர கிலோ மீட்டர் கடலை இதற்கென ஒதுக்கியது. ஆனாலும் வலையில் சிக்கி ஒன்று செத்தால், அந்த இடம் நிரம்பப் பல வருஷம் ஆகும்.