தோலுறையிற் பொறித்த எழுத்துக்கள்

பழம்பொருள் விற்பவர் ஒருவர் கைத்துப்பாக்கியின் தோலுறையொன்றைக் காட்டி, "இஃது இரண்டாம் உலகப்போரில் ஜேர்மன் வீரன் இடையில் அணிந்தது" என்று கூறுகிறார். விலையோ மிக அதிகம். அவர் சொல்லை நம்பலாமா? நேயர்களே, விடை அவருடைய வாயில் இல்லை. உறையின் பின்புறத்திலே இருக்கின்றது.

அங்கே பெரும்பாலும் மூன்று செய்திகள் குத்தப்பட்டிருக்கும். முதலாவது, துப்பாக்கியின் வகை. 'பி.08' என்பது 1908ஆம் ஆண்டு ஜேர்மன் தரைப்படை ஏற்றுக்கொண்ட லூகர், 'பி.38' என்பது அதன் இடத்துக்கு வந்த வால்தர். இரண்டாவது, உறையைச் செய்தவரும் செய்த ஆண்டும். மூன்றாவது, படைக்கலச் சோதனையாளரின் முத்திரை: கழுகுருவமும் அதன் கீழே ஓர் எண்ணும்.

போரின் தொடக்கத்தில் உற்பத்தியாளரின் பெயரும் ஊரும் வெளிப்படையாகவே பொறிக்கப்பட்டன. எந்த ஊரில் எந்தத் தொழிற்சாலை இயங்குகிறது என்பதைப் பகைவர் அறிதல் ஆபத்தன்றோ? ஆகவே, 1940களின் தொடக்கத்தில் பெயர்கள் மறைந்தன. அவற்றின் இடத்தில் மூன்றெழுத்துக் குறிகள் தோன்றின. உதாரணமாக, 'ஜீ எக்ஸ் வை' என்னும் குறி திறெஸ்டன் நகரத்துக் கிளிங்கே சகோதரர் நிறுவனத்தைக் குறித்தது. போரின் பிற்பகுதியில், சாய்கோடுகளாற் பிரிக்கப்பட்ட நீண்ட தொழிற்சாலை எண்கள் வழங்கலாயின.

இவ்வரலாற்றை அறிந்தவர் பொய்யை எளிதில் உணர்வர். மூன்றெழுத்துக் குறியுடன் 1936 என்னும் ஆண்டு காணப்பட்டால் ஐயுறவேண்டும். அக்காலத்தில் உறைகளில் அக்குறி வழங்கவில்லை. அவ்வாறே 1936உம் 'பி.38'உம் ஒரேநாளிற் குத்தப்பட்டிருக்க முடியாது. எனினும் உடனே பொய்யென்று தள்ளிவிடலாகாது. பழைய உறைகளைப் புதிய துப்பாக்கிக்குப் பயன்படுத்தி, மறுமுத்திரை குத்தியதும் உண்டு. ஆகவே தோலையும் பாருங்கள். தோல் தேய்ந்து வெடித்திருக்க, எழுத்தின் விளிம்பு மட்டும் கூர்மையாக நிற்குமாயின், அம்முத்திரை பிற்காலத்தது என்று கருத இடமுண்டு.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. எழுத்துத் தெளிவாகத் தெரியட்டும் என்று எண்ணெய் பூசித் தேய்த்தல் வேண்டாம். தோல் மென்மையுற்று, எழுத்து மங்கிவிடும். சாய்ந்து விழும் ஒளியிலே பிடித்துப் பார்த்தாலே மங்கிய எழுத்தும் புலப்படும். அவ்வெழுத்து அழிந்தால், பொருள் எஞ்சும். அதன் சாட்சி எஞ்சாது.